ஒரு சொல்லுக்கு 645 பொருள்: எண்ணியது யார்?

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள்கள் உள்ள சொல் எது? பள்ளி விநாடி வினாக்களில் இந்தக் கேள்வி எப்படியும் தலைகாட்டிவிடும். போன மாதம் ஒரு போட்டியில் என் அண்ணன் மகள் இதற்கு ‘ரன்’ என்று பதில் சொல்லியிருக்கிறாள். நடத்தியவர் கையில் இருந்த அட்டையில் ‘செட்’ என்று இருந்தது. மதிப்பெண் போயிற்று. அன்று ராத்திரியே எனக்குப் போன். “சித்தப்பா, நான் சொன்னதுதானே சரி? நீங்க எழுதிக் கொடுங்க, நாளைக்கு மிஸ்கிட்ட காட்டணும்.” மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பதால் வீட்டில் சொல் பஞ்சாயத்து எல்லாம் என்னிடம்தான் வரும்.

பஞ்சாயத்தை முடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள். அந்த ஒரு பதிவே ஏறக்குறைய 60,000 சொற்கள் நீளம். கின்னஸ் புத்தகம் அதை எடுத்துப் போட்டது, அங்கிருந்து உலகத்துப் பொது அறிவு நூல்களெல்லாம் எடுத்துக்கொண்டன. அட்டை அந்தக் காலத்தது. 2011-ல் அகராதியின் மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை ‘ரன்’னை எட்டியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்து, வினைச்சொல்லாக வரும் இடங்களுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்து வைத்தார். பெயர்ச்சொல் கணக்கு தனி. ஆக, பெண் சொன்னது சரி. அதை எழுதியும் கொடுத்துவிட்டேன்.

ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு எனக்குத்தான் தூக்கம் கெட்டது. 1989-ல் 430, 2011-ல் 645 என்றால், நடுவில் ஆங்கிலேயர்கள் அவ்வளவு வேகமாகவா ஓடினார்கள்? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிந்தது. மூன்றாம் பதிப்பின் வேலையை அகராதிக்காரர்கள் ஏ-யில் தொடங்கவில்லை. பழைய அகராதியின் முதல் சில எழுத்துகள், ஆசிரியர்களே வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டவை, சீராக இருக்காது. அதனால் நடுவில் இருக்கும் எம்-ல் தொடங்கினார்கள். 2000-ல் ‘மேக்’ திருத்தப்பட்டது, பட்டம் ‘மேக்’குக்குப் போனது. 2007-ல் பி வந்தது, பட்டம் ‘புட்’டுக்கு. 2011-ல் ஆர், பட்டம் ‘ரன்’னுக்கு. மகுடம் அகர வரிசைப்படி கைமாறியிருக்கிறது! எஸ்-ல் இருக்கும் ‘செட்’டோ அப்போது தன் முறைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அதன் 430, பெரும்பாலும் முதல் பதிப்பில் ஹென்றி பிராட்லி போட்ட கணக்கு. ஷெஃபீல்டில் ஒரு கத்தி வியாபார நிறுவனத்தில் இருபது வருடம் குமாஸ்தாவாக இருந்துகொண்டு தானாகவே மொழிகள் கற்றவர் பிராட்லி, 1923-லேயே காலமாகிவிட்டார். ஒருவரின் கணக்கு நூறு வருடம் பழையது, இன்னொருவரின் கணக்கு கணினி வந்த பிறகு போட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து வெற்றி தோல்வி சொல்கிறோம்.

சரி, ‘செட்’ தன் முறை வந்து திருத்தப்பட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் சந்தேகம் தீராது. பொருள் என்பதை எண்ண முடியுமா? எண்ணுவதற்கு ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டாமா?

சீட்டுகளும் குவியல்களும்

ஆக்ஸ்போர்டு அகராதி உருவான விதம் பலருக்குத் தெரிந்த கதைதான். ஜேம்ஸ் மர்ரே 1879-ல் பொறுப்பேற்றார், தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார், அதற்குள் 1,029 சின்னச் சின்ன மரப் பொந்துகள் அடித்து வைத்தார். ஆங்கிலம் வாசிக்கும் யார் வேண்டுமானாலும், ஒரு சொல், அது வந்த வாக்கியம், புத்தகம், வருடம் என்று சீட்டில் எழுதி அனுப்பலாம். பத்து வருடத்தில் முடிப்பதாகத்தான் பேச்சு. முதல் பகுதி 1884-ல் வந்தது, கடைசிப் பகுதி 1928-ல். மர்ரே 1915-லேயே போய்விட்டார். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அகராதியில் பொருள்கள் முதலில் வருவதில்லை. வாக்கியங்கள்தான் முதலில் வருகின்றன. ஆசிரியர் அவற்றை வாசித்து, ஒத்த மாதிரி இருப்பவற்றை ஒரு குவியலாகச் சேர்க்கிறார். குவியல் திருப்தியாக அமைந்த பிறகு அதற்கு விளக்கம் எழுதுகிறார். அந்த விளக்கத்துக்குத்தான் நாம் பொருள் என்று பெயர் வைத்து எண்ணுகிறோம்.

நானும் செய்து பார்ப்போமே என்று தோன்றியது. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கிழித்து, பின்பக்கத்தில் ‘ரன்’ வரும் ஆங்கில வாக்கியங்களை ஒவ்வொன்றாக எழுதினேன். நாளிதழ், மருந்துச் சீட்டு, பழைய மொழிபெயர்ப்புக் கோப்புகள், துணியில் தைத்திருக்கும் துவைப்புக் குறிப்பு என்று கண்ணில் பட்டதெல்லாம். பிறகு தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். முதலில் ஜோராகப் போனது. பையன் ஓடுகிறான், குதிரை ஓடுகிறது: கால் இருப்பவர்கள் ஒரு குவியல். ஆறு ஓடுகிறது: தண்ணீருக்கு ஒரு குவியல். அங்கேயே சிக்கல். மூக்கு ஒழுகுகிறது என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் வருகிறதே, அதற்கும் ‘ரன்’. புதுத்துணியைத் துவைத்தால் சாயம் போகிறதே, அதற்கும் அதே. ஆறு, மூக்கு, குழாய், சாயம். தமிழ்க் கண்ணால் பார்த்தால் நான்கு வேறு வேறு காரியங்கள்: ஓடுகிறது, ஒழுகுகிறது, வருகிறது, போகிறது. இங்கிலீஷ் கண்ணால் பார்த்தால் ஒரே காரியம், திரவம் நகர்கிறது. நான்கு குவியல் வைப்பதா, ஒன்று வைப்பதா?

ஒன்றாகவே வைத்தேன். உடனே மூக்கு தகராறு செய்தது. ஆறு ஓடுகிறது என்னும்போது ஓடுவது ஆறே. மூக்கு எங்கே ஓடுகிறது? ஓடுவது சளி, மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. எனவே மூக்கை எடுத்துத் தனியாக வைத்தேன். குழாயும் அதே கட்சி, அதையும் மூக்கோடு சேர்த்தேன். சாயம்? சாயம் தானே நகர்கிறது, ஆனால் பக்கத்துத் துணியையும் கெடுக்கிறது. கெடுக்கிறது என்பதையும் பொருளில் சேர்த்தால் இன்னொரு குவியல். அடுத்த சீட்டு: வேலி வயலோரமாக ஓடுகிறது. வேலி ஓடாது. நகர்வது நம் கண். தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம், கையில் ரேகை ஓடுகிறது, ஊருக்கு நடுவே சாலை ஓடுகிறது என்று? அதற்கு ஒரு குவியல். நாடகம் ஆறு வாரம் ஓடியது, ஒப்பந்தம் டிசம்பர் வரை ஓடும்: இங்கே நீள்வது இடமல்ல, காலம். வேலிக் குவியலில் போட்டு, ‘நீள்தல்’ என்று விளக்கம் எழுதிவிடலாமா, வேறாக வைப்பதா? மத்தியானம் சேர்த்து வைத்ததைச் சாயங்காலம் பிரித்தேன். மறுநாள் எழுந்து பார்த்தால் பிரித்தது அபத்தமாகப் பட்டது.

அந்தத் தரையில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்தச் சீட்டுகளில் ஒரு வாக்கியம்கூட எனக்குப் புரியாமல் இல்லை. மூக்கு வாக்கியமும் புரிகிறது, வேலி வாக்கியமும் புரிகிறது, குழப்பமே கிடையாது. குழப்பம் எல்லாம் குவியல்களில்தான். குவியலை உண்டாக்குகிறவன் நான். தாராளமாகச் சேர்க்கிற ஆள் ஐம்பதில் முடித்துவிடுவார், நுணுக்கிப் பிரிக்கிற ஆள் ஆயிரத்தைத் தொடலாம். அகராதிக்காரர்களே தங்களுக்குள் சேர்க்கிறவர்கள், பிளக்கிறவர்கள் என்று இரண்டு ஜாதி பிரித்துக் கேலி பேசிக்கொள்வது உண்டு. 645 என்பது கில்லிவர் என்கிற தேர்ந்த மனிதர், தன் நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட்டு, கையில் இருந்த சான்றுகளை வைத்து எடுத்த முடிவு. நல்ல முடிவாகத்தான் இருக்கும். ஆனால் அது ‘ரன்’னுக்குள் ஏற்கெனவே இருந்து, அவர் கண்டுபிடித்து எண்ணிய எண்ணிக்கை கிடையாது. பட்டாணியை எண்ணுவது மாதிரி பொருளை எண்ண முடியாது.

இது எனக்குப் புதிதாகத் தெரிந்ததே தவிர, தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய தலைவலி. 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் பெரிய பதிவு ‘டேக்’. 134 பொருள்கள், ஐந்து பக்கம். முன்னுரையில் அவர் தன்னைப் படுத்திய சொற்களை வரிசையாகப் புலம்பியிருக்கிறார். ‘கெட்’, ‘கிவ்’, ‘புட்’, ‘செட்’, ‘கோ’, ‘ரன்’, ‘மேக்’, ‘டேக்’ எல்லாம் அதில் உண்டு. கவனியுங்கள், கடினமான லத்தீன் சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் குழந்தை முதலில் பேசும் சொற்கள். இவற்றின் பொருளைச் சொற்களால் பிடிப்பது, புயலில் அலைக்கழியும் தோப்பைத் தண்ணீரில் தெரியும் அதன் நிழலைப் பார்த்துப் படம் வரைவது போல என்கிறார். ஜான்சனைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் 134 என்று எண்ணிப் போட்ட அதே கையால் இதையும் எழுதினாரே, அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஓடுவதும் ஓட்டுவதும்

எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஆனால் வேறு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. 645-ஓ 300-ஓ, ‘வாக்’ என்கிற நடப்பதற்கு இல்லாத பரப்பு இந்த ஓடுவதற்கு எப்படி வந்தது? இதற்குப் பதில் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது, தமிழ் தெரிந்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது இரண்டு வினைச்சொல். ஒன்று ‘ரின்னன்’, தானே ஓடுவது, வழிந்து ஓடுவது. இன்னொன்று ‘ஆர்னன்’, ஓடச் செய்வது, முக்கியமாகக் குதிரையை. அதாவது நம் ஓடு, ஓட்டு. முதல் சொல்லே ‘ரின்னன்’ என்றும் எழுத்து இடம் மாறி ‘இர்னன்’ என்றும் இரண்டு உருவில் புழங்கியது. நாம் தசையைச் சதை என்பதில்லையா, அந்த மாதிரி. வடக்கே டேனிஷ்காரர்கள் வந்து குடியேறியபோது அவர்கள் மொழியிலும் இதே ஜோடி, கிட்டத்தட்ட இதே ஒலியில் இருந்தது. எல்லாம் கலந்து, தேய்ந்து, கடைசியில் ஒரே உருவமாக நின்றது ‘ரன்’. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ‘ரின்னென்’ என்றால் திரவம் வழிந்தோடுவது, ‘ரென்னென்’ என்றால் ஆள் ஓடுவது. இந்த இரண்டாவதும் ஆதியில் ‘ஓட்டு’தான். அண்ணன் தம்பி தனிக்குடித்தனம். ஆங்கிலத்தில் கூட்டுக் குடும்பம்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், தமிழில் இரண்டு சொல் பங்கு போட்டுச் செய்யும் வேலை ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் தலையில் விழுந்தது. வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறான். கடை ஓடுகிறது, கடையை ஓட்டுகிறான். காலம் ஓடுகிறது, காலத்தை ஓட்டுகிறோம். நமக்கு ஒரு ட்டு போதும், யார் செய்கிறார்கள், எது நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ட்டு காணாமல் போய்விட்டது. எழுவாயும் செயப்படுபொருளும் எங்கே நிற்கின்றன என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஓடுதலுக்கும் பின்னால் ஓர் ஓட்டுதல் வந்து உட்கார்ந்துகொள்ள, அகராதிக் கணக்கு பெருத்துக்கொண்டே போகிறது.

இதில் வேடிக்கை, விநாடி வினா அட்டையில் இருந்த ‘செட்’டும் இதே மாதிரிப் பிறப்புதான். ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை. ஓடு–ஓட்டு மாதிரி ஒரு ஜோடியில் பாதி. ‘லை’ என்றால் படு, ‘லே’ என்றால் படுக்கவை. ‘ஃபால்’ என்றால் விழு. ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து, மரம் வெட்டுகிறவர்கள் இன்றைக்கும் சொல்வது. பழைய ஆங்கிலத்தில் இப்படிச் சோடி சோடியாக இருந்த தன்வினை, பிறவினைகளில் சில இன்னும் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ‘செட்’ தனி ஆளாக நின்று பெருத்தது. ‘ரன்’ தன் ஜோடியை விழுங்கிப் பெருத்தது. இரண்டும் முதலிடத்துக்கு மோதிக்கொண்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு காரியம் நடப்பதையும் நடத்துவதையும் சொல்லும் சொற்களுக்கு எந்த மொழியிலும் வேலை ஓயாது.

அப்புறம் அந்தத் தண்ணீர். காலால் ஓடுவதுதான் முதல் பொருள், ஆறு ஓடுவது அதிலிருந்து வந்த உருவகம் என்றே பள்ளிக்கூடத்தில் நினைத்திருந்தேன். ஆனால் இருக்கிற மிகப் பழைய ஆங்கிலத்திலேயே தண்ணீரும் இரத்தமும் இந்தச் சொல்லில்தான் ஓடுகின்றன. அமெரிக்காவில் வர்ஜீனியாப் பக்கம் சின்ன ஓடைக்கே ‘ரன்’ என்று பெயர். உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21-ல் நடந்ததே, அந்த புல் ரன் அப்படி ஓர் ஓடைதான். வடக்கத்திப் படை சண்டைக்கு ஓடையின் பெயரை வைத்தது, தெற்கத்திப் படை பக்கத்து ஊரான மனாசஸின் பெயரை வைத்தது. பங்குச் சந்தை எகிறும்போது சொல்கிற காளை ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் சண்டையைக் ‘காளை ஓட்டப் போர்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார். ஓட்டம் என்றிருந்த இடத்தில் ஓடை என்று போட்டிருந்தால் தப்பித்திருப்பார். பாலாடைக் கட்டி செய்யப் பாலைத் திரிய வைக்கும் ‘ரென்னெட்’டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையாகவே இருக்கலாம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள், பால் ஓடி ஒன்றுசேர்கிறதாம். அங்கே பால் ஓடுகிறது, இங்கே பால் திரிகிறது. இரண்டு ஊரிலும் பால் வீட்டில் தங்குவதில்லை.

கால் இல்லாத ஓட்டம்

‘ரன்’ இவ்வளவு பெருகியதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் இயந்திரம். நீராவி எஞ்சின் வந்தது, ரயில் வந்தது, தொழிற்சாலை வந்தது, கடைசியில் கணினி நிரலும் வந்தது. எல்லாவற்றையும் ஆங்கிலம் ஓட விட்டது. உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. இயந்திரத்துக்கு முன்னாலேயே சொல் கால்களை விட்டுவிட்டது. கப்பல் ஓடியது, கடிகாரம் ஓடியது, வாய்மொழியாக வதந்தி ஓடியது. நம் பக்கமும் அப்படித்தான். கடலோடா கால்வல் நெடுந்தேர் என்று தொடங்கும் குறளில், 496-வது குறளில், தேருக்கும் ஓடு, நாவாய்க்கும் ஓடு. சக்கரத்துக்கும் மரக்கலத்துக்கும் வள்ளுவர் ஒரே வினையைக் கொடுத்துவிட்டார், எந்த எஞ்சினும் தேவைப்படவில்லை. ஓடுதலின் சாரம் காலில் இல்லை. தடையில்லாமல் தொடர்ந்து போவதில் இருக்கிறது என்று இரண்டு மொழியும் தனித்தனியாகக் கண்டுகொண்டிருக்கின்றன. பின்னால் வந்த இயந்திரம், தயாராக இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது.

கிரிக்கெட்டைப் பாருங்கள். ஒரு காலத்தில் விக்கெட்டுகளுக்கு நடுவே உண்மையாகவே ஓடி எடுத்த எண்ணிக்கை அது. கணக்கர் ஒரு குச்சியில் வெட்டு வெட்டாகக் குறித்துக்கொள்வார். இப்போது மட்டையாளர் பந்தை அரங்குக்கு வெளியே அடித்துவிட்டு, மட்டையில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கணக்கில் ஆறு ‘ரன்’ ஏறுகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ரன்கள் என்றே எழுதிவிடுவதால் இந்த முரண் நமக்கு உறைப்பதில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஓட்டங்கள் என்று இருக்கும். நின்ற இடத்தில் நின்று ஆறு ஓட்டங்கள் பெற்றார் என்று வாசிக்கும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வரும், ஆனால் அவர்கள் செய்வதுதான் துணிச்சலான காரியம் என்று நினைக்கிறேன். சொல்லைக் கொண்டுவந்ததோடு அதன் கோணலையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறார்கள்.

வங்கி விஷயம் இதைவிட விசேஷம். வங்கியில் பணம் இருக்காதோ என்ற பயத்தில் ஊரே திரண்டு போய்ப் போட்ட பணத்தை எடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ என்று பெயர். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக்கு அது நேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த நாடு காணாத காட்சி. புகைப்படங்களைப் பார்த்தால் யாரும் ஓடவில்லை. கிளைகளுக்கு வெளியே நீண்ட வரிசையில், வெள்ளைக்காரர்களுக்கே உரிய பொறுமையோடு நின்றுகொண்டிருக்கிறார்கள். நின்றதற்குப் பெயர் ஓட்டம். 2023 மார்ச் 9-ல் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி. ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வாடிக்கையாளர்கள் எடுக்கப் பார்த்தார்கள், மறுநாள் அரசு அதிகாரிகள் வங்கியை மூடினார்கள். இந்த முறை பெரும்பாலோர் வரிசையில்கூட நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கைப்பேசியைத் தட்டினார்கள். முதலில் கால்கள் ஓடின, பிறகு நின்றன, பிறகு கால்களே தேவையில்லாமல் போயிற்று. சொல் மட்டும் மாறவில்லை. இந்த மூன்றையும் என் பத்திரிகைச் சீட்டில் எழுதினால் ஒரே குவியலில்தான் வைப்பேன், எந்தப் பிளக்கிற ஆளும் மறுக்கமாட்டார். அப்படியானால் நடப்பது எவ்வளவு மாறினாலும் பொருள் மாறாமல் இருக்கவும் முடியும் என்றாகிறது.

தேர்தலில் நேர் எதிர். ஒரே காரியம், ஆனால் ஊருக்கு ஒரு வினை. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நாம் பிரிட்டிஷ் கட்சி: தேர்தலில் நிற்கிறார். அமெரிக்கத் தேர்தல் செய்திகளை மொழிபெயர்க்கும் இளைஞர்கள் ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று எழுதிவிட்டு என்னிடம் திட்டு வாங்கியதுண்டு. நின்றாலும் ஓடினாலும் போய்ச் சேர நினைப்பது நாற்காலியில்தான், அது வேறு விஷயம்.

ஏழை மொழி என்கிற பேச்சு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் மகளின் வெற்றியைப் போட்டதும் ஒரு பெரியவர் உடனே எழுதினார்: ‘645 காரியத்துக்கு ஒரே சொல்லா? பாவம், ஏழை மொழி. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு.’ கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. குழுவில் வாதம் செய்வதில்லை என்று வைத்திருப்பதால் பேசாமல் இருந்தேன். இங்கே சொல்லலாம். படம் நூறு நாள் ஓடியது. கடிகாரம் ஓடவில்லை. மனதில் ஒரு யோசனை ஓடுகிறது. கூப்பிட்டதும் ஓடி வந்தான். வேலையே ஓட மாட்டேன் என்கிறது. வீட்டை விட்டு ஓடிப்போனாள். தலையில் நரை ஓடியிருக்கிறது. டிவியில் என்ன ஓடுகிறது? இவ்வளவுக்கும் ஒரே ஓடுதான். நம்மில் ஒரு கில்லிவர் ஒன்பது மாதம் தரையில் உட்கார்ந்தால் இதுவும் நூற்றைத் தாண்டும். கூரையில் வேய்கிற ஓடு, ஆமையின் ஓடு எல்லாம் சேர்க்காமலே சொல்கிறேன்; அவை ஒலியில் மட்டும் ஒத்துப்போகிற வேறு சொற்கள், அகராதி அவற்றைத் தனிப் பதிவாகவே வைக்கும். ஒரு மொழியில் அதிகம் உழைக்கிற சொல்லுக்குத்தான் அதிகப் பொருள். அதைப் பார்த்து வறுமை என்பது, பத்து வீட்டுக்காரர் கூப்பிடும் கொத்தனாரைப் பார்த்து ஊரில் ஆளே இல்லை போலிருக்கிறது என்பதைப் போல.

இதே எண்ணிக்கை மோகம் ஆங்கிலம் கற்பிக்கிற இடத்திலும் கெடுதல் செய்கிறது. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்ப்படு, ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோ, ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏற்று, ‘ரன் டவுன்’ என்றால் பழித்துப் பேசு. பயிற்சிப் புத்தகங்களில் இரண்டு பத்தியில் பட்டியல், மனப்பாடம் செய், தேர்வில் கொட்டு. பட்டியலில் படித்த பையன் பாலும் தீரும், பொறுமையும் தீரும் என்பதைக் கவனிக்கவே மாட்டான். ஓடிக்கொண்டிருந்தது வெளியே போய்விட்டது, அதுதான் ‘ரன் அவுட்’. கிரிக்கெட் ‘ரன் அவுட்’ வேறு. அங்கே ஓடுகிறவன் ஆட்டமிழக்கிறான். எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது, என்ன தீர்ந்துபோகும் என்று எதைச் சொல்வார்கள் என்பதைப் பத்து உண்மையான வாக்கியங்களில் காட்டினால் போதும். யாரும் தாய்மொழியைப் பட்டியலில் கற்றதில்லை.

பத்திரிகைச் சீட்டுகளை இன்னும் தூக்கிப் போடவில்லை. ஒரு பழைய சாக்லேட் டப்பாவில் கிடக்கின்றன, குவியல் பிரித்து ரப்பர் போட்டு. அதோடு இப்போது தமிழ்ச் சீட்டுகளும் சேர ஆரம்பித்துவிட்டன, ஆங்கிலம் தொடாத இடங்களாகப் பார்த்து எழுதி வைக்கிறேன். கல்லூரிப் பையன்கள் ஒருவனைச் சுற்றி நின்று ஓட்டுகிறார்கள். கேலிதான், வண்டி இல்லை. ‘சும்மா படம் ஓட்டாதே’ என்றால் புளுகாதே. இவை ஓட்டுக் குவியலில் எங்கே போகும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். தெருவில் பார்க்கிறவர் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால் ‘ஏதோ ஓடுது’ என்கிறோமே, அந்தச் சீட்டுதான் கையிலேயே நிற்கிறது. எழுவாயே கிடையாது. ஓடுவது கடையா, குடும்பமா, நாளா, உயிரா? கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன், ஆற்றோடும் வைத்துப் பார்த்தேன். இப்போதைக்கு ரப்பருக்கு வெளியே, டப்பாவின் மூடியில் சொருகி வைத்திருக்கிறேன்.